ஜார்ஜ் டவுன் காய்ச்சலும் மூட்டைப்பூச்சியும்

குயினைன் கொடுத்தும் தணியாத காய்ச்சல். மண்ணீரல் நாளுக்கு நாள் பெருக்கும். உடலோ துரும்பாக இளைக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைப் பொது மருத்துவமனைக்கு இத்தகைய நோயாளிகள் வந்தவண்ணம் இருந்தனர். முற்றிய மலேரியா என்றே பலரும் கருதினர்.

சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சார்லஸ் டோனவன், 1903ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், காய்ச்சலுற்ற ஒரு சிறுவனின் மண்ணீரலிலிருந்து ஊசி மூலம் எடுத்த இரத்தத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். மலேரியாக் கிருமியைச் சற்றும் ஒத்திராத நுண்ணிய முட்டை வடிவ உயிர்கள் தென்பட்டன. டம்டம்மில் காய்ச்சல் கண்டு இறந்த படைவீரர் ஒருவரின் உடலில் இதையே கண்டிருந்த லீஷ்மன், சில வாரங்களுக்கு முன்புதான் அதை வெளியிட்டிருந்தார். இருவர் பெயரையும் இணைத்து 'லீஷ்மேனியா டோனவனி' எனப் பெயரிட்டவர் ரொனால்டு ராஸ். நோய், வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் 'காலா அசார்' எனப்பட்ட கருங்காய்ச்சலே.

கிருமி அகப்பட்டது. அது ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எவ்வாறு செல்கிறது? நோயாளிகளின் இருப்பிடத்தை விசாரித்தபோது பெரும்பாலோர் ஒரே வட்டாரத்தினர் எனத் தெரிந்தது. 1906 வரை கறுப்பர் நகரம் எனப்பட்ட ஜார்ஜ் டவுனே அது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், நெருக்கமான குடும்பங்கள். ஆகவே வீட்டுக்குள்ளேயே வாழ்ந்து இரத்தம் குடிக்கும் ஏதோ ஒன்றுதான் நோயைக் கடத்த வேண்டும். இதுவரை வாதம் சரியானதே.

கிண்டி கிங் நிலையத்தின் பேட்டன் மூட்டைப்பூச்சியைச் சந்தேகித்தார். நோயாளியின் இரத்தத்தைக் குடித்த மூட்டைப்பூச்சியின் குடலில், கிருமி சாட்டை போன்ற இழையுடன் நீந்தும் வடிவம் பெறுவதை 1907இல் அறிவித்தார். குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டதுபோல் தோன்றும், இல்லையா? ஆனால் 1904இலேயே கல்கத்தாவில் லியோனார்டு ராஜர்ஸ், பூச்சி ஏதுமின்றி, நோயாளியின் மண்ணீரல் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் உடல் வெப்பத்தைவிடக் குளிர்ந்த நிலையில் வைத்து இதே மாற்றத்தைக் கண்டிருந்தார். எனவே, பூச்சியின் குடல் குளிர்ந்த இடம் என்பதற்கு மேல் அந்தச் சோதனை அதிகம் நிரூபித்துவிடவில்லை. வெப்பநிலையின் பங்கைப் பிரித்தறியாத எந்தச் சோதனைக்கும் இந்தக் கதிதான்.

மற்றொரு தடையும் இருந்தது. மூட்டைப்பூச்சி இல்லாத ஊர் ஏது? எங்கள் தென்னேரியில் கயிற்றுக் கட்டிலை வெயிலில் போட்டுத் தட்டாத வீடே அந்நாளில் இருந்திராது. பம்பாயிலும் அது இருந்தது. கருங்காய்ச்சல் அங்கு வேரூன்றவில்லை. டோனவனும் மூட்டைப்பூச்சியை ஏற்கவில்லை. ஆனால் அவர் சந்தேகித்தது இரத்தம் குடிக்கும் வேறொரு பூச்சியை; அதுவும் தவறு.

1920களில் சிண்டன் தேடலை ஒரு வட்டாரத்தோடு நிறுத்தாமல் நாடெங்கும் விரித்தார். நோய் பரவிய இடங்களும் 'பிளெபோடோமஸ் அர்ஜென்டிபஸ்' என்னும் மணல் ஈ காணப்பட்ட இடங்களும் பெரும்பாலும் ஒத்திருந்தன. ஏறத்தாழ 3 மில்லிமீட்டரே நீளமுள்ள இது நெடுந்தொலைவு பறக்காது; தத்தித் தத்தியே செல்லும். சுவர் வெடிப்புகளும் மாட்டுத்தொழுவத்து ஈரமண்ணும் இதன் புகலிடம். ஜார்ஜ் டவுன் காட்டிய அடையாளங்கள் இதற்கும் அப்படியே பொருந்தின! 1924இல் கல்கத்தாவில் நோல்ஸ், நேப்பியர், ஸ்மித் ஆகியோர் இந்த ஈயின் உடலில் கிருமி வளர்வதையும் கண்டனர்.

எனினும் ஈ கடித்து நோய் வந்ததை உறுதியாகக் காட்ட முடியவில்லை. இரத்தத்துக்குப் பின் உலர்ந்த திராட்சையின் சாற்றை உண்ணும் ஈக்களில் கிருமி பன்மடங்கு பெருகுகிறது என்பதை ஸ்மித் குழுவினர் கண்டறிந்த பிறகே வழி திறந்தது. 1942இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர் அவ்வாறு வளர்த்த ஈக்களை, தாமே முன்வந்த ஐவரைக் கடிக்கச் செய்தனர். ஐவருக்கும் கருங்காய்ச்சல் தொற்றியது. பேட்டனின் மூட்டைப்பூச்சி அறிக்கைக்கு அப்போது வயது 35.