கார் கீறலுக்கு பாலிஷா? முதல்ல நகத்தால தடவிப் பாருங்க!

வத்திராயிருப்பு வழியா சதுரகிரிக்குப் போறவங்க, தாணிப்பாறை அடிவாரத்துல காரை விட்டுட்டு மலையேறுவாங்க. இறங்கி வந்தா வண்டி முழுக்கப் புழுதி. உடனே துண்டை எடுத்து அப்படியே துடைக்கிறோம் பாருங்க, பிரச்னை அங்கதான் ஆரம்பம்! மண் துகள் உப்புத்தாள் மாதிரி தேய்ச்சு, சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள் விழுந்துடும்.

காரின் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற கண்ணாடி போன்ற பூச்சு இருக்கிறது. தடிமன் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லிசு! பாலிஷ் கீறலை அடைப்பதில்லை. சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துச் சமமாக்குகிறது. அதனால ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பூச்சு போயிடும். தீர்ந்துட்டா, மறுபடி பெயின்ட் அடிக்கிறதுதான் வழி.

நகம் மாட்டுதா? கீறல் மேல நகத்தை மெதுவா ஓட்டுங்க. மாட்டலைன்னா பாலிஷ் போதும். மாட்டினா கீறல் ஆழம். டச்-அப் பெயின்ட் தேவைப்படலாம்.

எப்படிச் செய்வது?

* ஷாம்பூ போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைக்கவும்.
* நிழலில், பாடி சூடு ஆறிய பிறகு தொடங்கவும்.
* ரப்பர், பிளாஸ்டிக் ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டவும்.
* முதலில் மென்மையான பாலிஷ். அதற்கும் போகாவிட்டால் மட்டும் காம்பவுண்ட்.
* மைக்ரோஃபைபர் துணியால், ஓரடிப் பரப்பாகத் தேய்க்கவும்.
* கடைசியாக வேக்ஸ். இது கீறலைப் போக்காது, பளபளப்பைக் காக்கும்.

அடுத்த தடவை புழுதியைப் பார்த்தா துணியைத் தேடாதீங்க. முதல்ல தண்ணி ஊத்துங்க!