தத்தி எரித்த வயல்கள்

கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து நாவிதன்வெளிப் பக்கம் போனால் வருகிற ஊர் சொறிக்கல்முனை. திருச்சிலுவைக் கோயிலும் அதைச் சூழ்ந்த வளவுகளும் போக, மிச்சமெல்லாம் வயல் வட்டை. பெரும்போகம், சிறுபோகம் என்று நெல்லே இங்கு ஆண்டைப் பிரிக்கிறது. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று என இந்தக் கரையோரம் முழுவதற்கும் இதுதான் கதை. பூச்சிக்கும் மனிதனுக்கும் இடையே முக்கால் நூற்றாண்டாக நடந்துவரும் வழக்கின் ஒரு பகுதியும் இந்த வயல்களில்தான் நடந்தது.

வழக்கைத் தொடங்கியவன் மனிதன். தொடங்கக் காரணமும் இருந்தது. உலர் வலயத்தை நூற்றாண்டுகளாகக் காடாகவே வைத்திருந்தது மலேரியா. 1940களின் நடுவில் நுளம்பைக் கொல்லும் டிடிடி மருந்து வந்தது. வீட்டுச் சுவர்களில் அடிக்கத் தொடங்கினார்கள். 1963ஆம் ஆண்டு நாடு முழுவதும் பதிவான மலேரியா நோயாளர் வெறும் 17 பேர். சில ஆண்டுகளிலேயே நோய் லட்சக்கணக்கில் திரும்பி வந்தது என்பது வேறு கதை. ஆனால் இடைப்பட்ட அந்தக் காலத்தில் நாட்டின் முகமே மாறிவிட்டது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துச் சேனாநாயக்க சமுத்திரம் கட்டப்பட்டது. அதன் தண்ணீர் மேற்கிலிருந்த குடியேற்றங்களுக்கு மட்டுமன்றிக் கரையோர வயல்களுக்கும் பாய்ந்தது. மருந்து அடித்தால் பூச்சி போகும், பூச்சி போனால் வாழ்வு வரும் என்ற நம்பிக்கை அப்போது பிறந்தது. அதைப் பிழை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

அடுத்து விதை மாறியது. பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1950களின் இறுதியில் எச்4 என்ற நெல் ரகம் வந்தது. பிறகு குட்டை ரகங்கள் வந்தன. யூரியா போடப் போட அவை கிளைத்தன. பயிர் அடர்ந்தது, ஆண்டுக்கு இரு போகமும் தண்ணீர் நின்றது, தோளில் தெளிகருவி ஏறியது.

1970களின் நடுவில் கிழக்கு மாகாண வயல்களில் ஒரு புதுக் காட்சி. நன்றாக விளைந்துகொண்டிருந்த வயலின் நடுவே, வட்டம் போட்டதுபோல் ஒரு திட்டு காய்ந்து கிடக்கும். நெருப்பு வைத்த மாதிரியான கபில நிறம். ஒரு கிழமைக்குள் வட்டம் விரியும், பக்கத்து வட்டத்தோடு சேரும். மேலிருந்து பார்ப்பவனுக்கு ஒன்றும் புரியாது. குனிந்து நெற்கதிரை விலக்கி, தண்ணீர் தொடும் அடித்தண்டைப் பார்க்க வேண்டும். நெல்மணியிலும் சிறிய பூச்சிகள் அங்கே நூற்றுக்கணக்கில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். தண்டைத் தட்டினால் தண்ணீரில் விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே தத்தி மறுதண்டில் ஏறும். விவசாயத் திணைக்களம் இதைக் கபிலநிறத் தத்தி என்றது. வயற்காரர் அறக்கொட்டி என்றார்கள். தமிழ்நாட்டில் இதுதான் புகையான்.

தத்தி புதிதாகக் கப்பல் ஏறி வந்த பூச்சியன்று. எப்போதும் வயலில் இருந்ததுதான், பெரிய சேதம் செய்யாமல். எல்லோரும் செய்தது மேலும் மருந்து அடித்ததுதான். அடிக்க அடிக்க அது பெருகியது.

ஏன் என்பதற்கு விடை பிலிப்பைன்ஸில் கிடைத்தது. பீட்டர் கென்மோர் என்ற ஆய்வாளர் அங்குள்ள வயல்களில் கணக்கெடுத்து 1980இல் தன் ஆய்வை முடித்தார். தத்தியின் முட்டை தண்டின் திசுவுக்கு உள்ளே இருக்கிறது; மருந்து அங்கே போவதில்லை. மருந்தில் செத்தவை வெளியே திரிந்த சிலந்திகளும், தத்தி முட்டையைத் தேடிக் குத்திக் குடிக்கும் சிறு பச்சை மூட்டுப்பூச்சிகளும்தான். ஒரு கிழமை கழித்துப் பொரித்து வந்த தத்திக் குஞ்சுகளுக்குக் காவலற்ற வயல் கிடைத்தது.

அந்தக் காவல் எவ்வளவு பெரியது என்பதை இலங்கையரே பின்னர் எண்ணிப் பார்த்தார்கள். ஆய்வாளர் சன்ன பம்பரதெனிய பத்தலகொட வயல்களில் செய்து 2004இல் வெளியிட்ட ஆய்வில் 494 வகை முள்ளந்தண்டிலிகள் பதிவாகின. பூச்சியும் சிலந்தியும் உட்பட்ட கணுக்காலிகள் 405 வகை. அவற்றுள் நெல்லைத் தின்னும் பூச்சிகள் 55. அந்தப் பூச்சிகளின் எதிரிகள் 200. ஐம்பத்தைந்தைக் கொல்லப்போய் இருநூறையும் கொன்ற கணக்கு இது. இதற்குப் பயிர்ப் பாதுகாப்பு என்று பெயர் வைத்தது கொஞ்சம் துணிச்சல்தான்.

இன்னொரு விடை கைவிட்ட விதைப் பெட்டியில் இருந்தது. ரத்து ஹீனட்டி, பாபாவீ என்ற இலங்கையின் பழைய நெல் ரகங்களைத் தத்தி நெருங்கினாலும் அவற்றில் செழித்து வளருவதில்லை. அவற்றின் எதிர்ப்பு மரபணுக்களை ஆசியா முழுவதும் ஆய்வாளர் எடுத்துப் பயன்படுத்தினார்கள். இலங்கையில் தத்தியைத் தாங்கும் பிஜி 379-2, கேரளத்துப் பட்டாம்பியின் பிடிபி 33 என்ற ரகத்தின் வழியில் வந்தது. மருந்தையே நிறுத்திப் பார்த்த நாடும் உண்டு. 1986இல் இந்தோனேசியா நெல்லுக்கு அடித்துவந்த 57 மருந்துகளை ஒரே ஆணையில் தடைசெய்தது. அதன் பின் விளைச்சல் விழவில்லை. இலங்கையிலும் 1990களின் நடுவிலிருந்து வயற் பாடசாலைகள் நடந்தன. விவசாயிகள் வாரந்தோறும் வயலில் இறங்கி, எது தின்னி, எது காவல் என்று எண்ணப் பழகினார்கள்.

மோனோகுரோட்டோபொஸ், எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்துகள் முறையே 1995இலும் 1998இலும் நாட்டில் தடைசெய்யப்பட்டன. அது பூச்சிகள் மீது கொண்ட இரக்கமன்று. நஞ்சுண்டு சாகிற மனிதர் தொகையைக் குறைக்கவே. 2021 மேயில் இரசாயனப் பசளையும் கிருமிநாசினியும் இறக்குமதி செய்வது ஒரேயடியாகத் தடைப்பட்டு, நவம்பரில் தளர்ந்ததை அம்பாறை விவசாயி மறந்திருக்க மாட்டார். இந்தோனேசியா மருந்தை நிறுத்தும்போது வயலை வாசிக்கவும் விவசாயிக்குக் கற்றுக்கொடுத்தது. 2021இல் இங்கே வர்த்தமானி மட்டும் வந்தது.

பூச்சி குறைவது இன்று உலகம் முழுக்கக் கவலை. ஜெர்மனியின் கிரெஃபெல்ட் நகரப் பூச்சியியல் ஆர்வலர்கள் 63 காப்பிடங்களில் வலை வைத்துச் சேர்த்த பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 27 ஆண்டுகளில் 76 சதவீதம் குறைந்திருந்தது. 2017இல் இது வெளியானபோது பலர் திடுக்கிட்டார்கள். கிழக்கின் நெல் வயல் அதன் சிறு முன்னோட்டத்தை அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டது.

திருத்தம் தொடங்க வரம்பே போதும். சீனா, வியட்நாம், தாய்லாந்து வயல்களில் வரம்பு நெடுக எள்ளு போன்ற பூச்செடிகளை வளர்த்துப் பார்த்தார்கள். தத்தி முட்டையில் தன் முட்டையை இடும் சிறு குளவிகளுக்குத் தேன் கிடைத்தது. மருந்தடிப்பு 70 சதவீதம் குறைந்தது, விளைச்சல் 5 சதவீதம் கூடியது என்று 2016இல் எழுதினார்கள். எள்ளு நமக்குத் தெரியாத பயிரா?

வயல் இல்லாதவருக்கு வளவு இருக்கிறது. முருங்கைப் பூவுக்குக் கருவண்டு வரும். அது துளைத்துக் கூடு வைக்க ஒரு பட்ட கொம்பை வெட்டாமல் விட்டால் போதும். வேலியோர எருக்கலையில் வெந்தய வரியன் என்ற செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். தேசி மரத்துத் தளிரில் காகத்தின் எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தால், அது எச்சமன்று, தேசி வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு. சில நாளில் பச்சையாகும், தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து நாற்றமடிக்கும் ஒரு கொம்பை நீட்டும். நாலைந்து இலை தின்னும், மரம் சாகாது. அடுத்த முறை தெளிகருவியை எடுக்குமுன் இலையைத் திருப்பிப் பாருங்கள். எது தின்னி, எது காவல் என்று தெரிந்த பிறகு முடிவெடுங்கள்.