ஒரே வாரத்தில் ஒரு மாநாடு: பார்கேம்ப் கதை

சென்னையில் ஒரு சின்ன கட்டற்ற மென்பொருள் மாநாடு நடத்தலாம்னு நாங்க நண்பர்கள் ஏழெட்டு பேர் இறங்கியிருக்கோம். பின்னாடி கம்பெனி கிடையாது, ஈவென்ட் மேனேஜர் கிடையாது. ஆபீஸ்ல ஆணி புடுங்குற நேரம் போக மிச்சம் இருக்குற நேரம்தான் முதலீடு. முதல் கூட்டத்துலயே ரெண்டு கட்சி ஆயிடுச்சு. "மூணு மாசத்துக்கு முன்னாடியே யார் யார் பேசுறாங்கன்னு முடிவு பண்ணி அறிவிக்கணும்"னு ஒரு கட்சி. "பார்கேம்ப்காரங்க ஒரே வாரத்துல நடத்திக் காட்டலையா, எதுக்கு இவ்ளோ பில்டப்பு"ன்னு எதிர்க்கட்சி.

அந்த 'ஒரே வாரம்' விஷயத்தை நானும் பல தடவை கேள்விப்பட்டிருக்கேன். ஒருத்தர் சொல்ல இன்னொருத்தர் நம்ப, அது ஒரு புராணம் மாதிரியே ஆகிப்போச்சு. உண்மையில் என்னதான் நடந்தது, அதுக்கு முன்னாடி என்ன இருந்ததுன்னு தேடிப் படிச்சேன். படிச்சதைத்தான் இங்கே எழுதுறேன்.

கொசுவத்தியைக் கொஞ்சம் சுத்திக்குங்க. வருஷம் 1983.

அமெரிக்காவில் ஹாரிசன் ஓவன் என்பவர் 250 பேருக்கு ஒரு சர்வதேச மாநாடு நடத்தினார். ஏற்பாட்டுக்கு மட்டும் ஒரு வருஷம் உழைத்தார். பேச்சாளர்கள், தலைப்புகள், நேர அட்டவணை என்று எல்லாம் கச்சிதம். மாநாடு முடிந்ததும் வந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் ஒரு விஷயம் சொன்னார்கள்: இருந்ததிலேயே உருப்படியானது காபி இடைவேளைதான்! அவரும் அதை ஒத்துக்கொண்டார். அவ்வளவு உழைப்பிலும் அவர் கையே படாமல் நடந்தது அது ஒன்றுதான்.

மனுஷன் நொந்துபோய் உட்காரவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் முன்பு பார்த்த பலாமா என்கிற கிராமம் அவருக்கு ஞாபகம் வந்தது. சிறுவர்கள் பெரியவர்கள் ஆவதைக் கொண்டாடும் சடங்குத் திருவிழா அங்கே நான்கு நாட்கள் நடந்தது. 500 பேர் கலந்துகொண்ட விழாவில் ஏற்பாட்டுக் குழு என்று எதுவும் அவர் கண்ணில் படவில்லை. ஆனாலும் எல்லாம் நடந்தது.

இந்த இரண்டையும் சேர்த்து 1985-ல் கலிஃபோர்னியாவின் மான்டரேயில் புது மாதிரி மாநாடு ஒன்றை நடத்திப் பார்த்தார். வந்தவர்கள் 85 பேர். நாற்காலிகள் வட்டமாக. சுவரில் நிகழ்ச்சி நிரல் இருக்க வேண்டிய இடம் காலி. யாருக்கு எதைப் பேச ஆசையோ, அவர் எழுந்து தலைப்பைச் சொல்லி, காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். கொஞ்ச நேரத்தில் முழு நிரலும் தயார். 'ஓப்பன் ஸ்பேஸ்' என்று பெயர் வைத்தார். அதில் 'இரண்டு கால் விதி' என்று ஒன்று உண்டு. நீ இருக்கும் இடத்தில் உனக்குக் கற்கவும் எதுவும் இல்லை, கொடுக்கவும் எதுவும் இல்லை என்றால், உன் கால்களைப் பயன்படுத்தி வேறு இடத்துக்குப் போய்விடு. மொக்கை தாங்க முடியாம நெளிஞ்சுக்கிட்டே உட்கார்ந்திருக்க வேண்டாம் :-)

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். எங்க ஊர்ப்பக்கம் அம்மன் கோவில் கொடையை ஒரு வெளியூர்க்காரர் வந்து பார்த்தாலும் "தானா நடக்குதே"ன்னுதான் சொல்வார். ஆனா அன்னதான அண்டா எந்த வீட்டில் இருக்கு, பந்தல்காரருக்கு யார் சொல்லிவிடணும், வில்லுப்பாட்டுக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கிறது யார் முறை, இதெல்லாம் ஊர்ல எல்லாருக்கும் அத்துபடி. வருஷா வருஷம் செஞ்சு பழகின தயாரிப்பு அது. பலாமாவிலும் அப்படித்தான் இருந்திருக்கும்னு என் ஊகம். குழு கண்ணுக்குத் தெரியலைன்னா தயாரிப்பே இல்லைன்னு ஆயிடுமா?

சரி, பார்கேம்புக்கு வருவோம்.

கணினிப் புத்தகங்கள் போடும் ஓ'ரைலி நிறுவனம் 2003-ல் 'ஃபூ கேம்ப்' என்ற சந்திப்பைத் தொடங்கியது. 'ஓ'ரைலியின் நண்பர்கள்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் ஃபூ. இடம் கலிஃபோர்னியாவில் செபாஸ்டபோல் ஊரில் உள்ள அவர்கள் அலுவலகம். புல்வெளியில் கூடாரம் அடித்துத் தங்கலாம். காலிப் பலகையில் வந்தவர்களே நிகழ்ச்சி நிரலை எழுதிக்கொள்வார்கள். எல்லாம் அருமை, ஒரே ஒரு விஷயம் தவிர. அழைப்பு வந்தால்தான் உள்ளே போக முடியும்.

2005-ல் வெளியே நின்றவர்கள் சிலர் "நாமே ஒண்ணு நடத்துவோம்" என்று கிளம்பினார்கள். கிறிஸ் மெசினா, டான்டெக் செலிக், ஆண்டி ஸ்மித், ராஸ் மேஃபீல்ட், மேட் முல்லன்வெக் ஆகியோர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். நிரல் எழுதுகிறவர்களுக்குத் தெரியும், பெயர் தோன்றாத மாறிக்கு 'ஃபூ' என்று வைத்தால் அடுத்ததுக்கு 'பார்' என்றுதான் வைப்போம். அப்படி வந்த பெயர்தான் பார்கேம்ப். 2005 ஆகஸ்ட் 19 முதல் 21 வரை, பாலோ ஆல்டோவில் சோஷியல்டெக்ஸ்ட் நிறுவனத்தின் அலுவலகத்தில் நடந்தது. யோசனை தோன்றியதில் இருந்து கதவு திறந்தது வரை ஒரு வாரம்கூட ஆகவில்லை. வந்தவர்கள் சுமார் 200 பேர்.

ஆக, எங்க எதிர்க்கட்சி சொன்னது தகவல் அளவில் சரிதான். ஆனா அந்த ஒரு வாரத்துக்கு முன்னாடி அவங்க கையில் என்னவெல்லாம் இருந்ததுன்னு பாருங்க.

இடம்: சோஷியல்டெக்ஸ்ட் நிறுவனர்களில் ஒருவர் ராஸ் மேஃபீல்ட். அந்த நிறுவனத்தின் தொழிலே விக்கி மென்பொருள்தான்.

ஆள்பலம்: மெசினா அதற்கு முன் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைப் பரப்பும் தன்னார்வக் குழுவில் வேலை பார்த்தவர். முல்லன்வெக் 2003-ல் வேர்ட்பிரஸைத் தொடங்கிய இருவரில் ஒருவர். அதைச் சுற்றி ஒரு கூட்டமே இருந்தது.

வடிவம்: ஓப்பன் ஸ்பேஸ் வந்து 20 வருஷம் ஆகியிருந்தது. ஃபூ கேம்ப் என்ற முன்மாதிரியும் கண்முன்னே இருந்தது.

அதாவது ஒரு வாரத்தில் முடிந்தது அறிவிப்பும் ஓட்டமும் மட்டும்தான். ஒருத்தரை ஒருத்தர் நம்பும் 200 பேரைச் சேர்க்க எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். இதைச் சொல்லாம விட்டுட்டு 'ஒரே வாரம்'னு மட்டும் சொன்னா, அதைக் கேட்டு இறங்குற புது ஆட்கள்தான் மாட்டிக்குவாங்க.

இன்னொரு விஷயத்துலயும் அவங்களைப் பாராட்டணும். ஏற்பாடுகளை விக்கியில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி செய்தார்கள். யார் வேண்டுமானாலும் பார்த்து, தங்கள் ஊரில் இதே பெயரில் நடத்தலாம், அனுமதி கேட்க வேண்டாம். 'ஃபைட் கிளப்' படத்தின் விதிகளைக் கிண்டல் செய்து எட்டு விதிகளும் எழுதப்பட்டன. முதல் விதி, பார்கேம்ப் பற்றி நீ பேச வேண்டும். இரண்டாவது, அதைப் பற்றி வலைப்பதிவு எழுத வேண்டும் (நம்ம சாதி!). வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு இடமில்லை என்று ஒரு விதி. கடைசி விதிதான் முக்கியம்: முதல் தடவை வருகிறவர் கட்டாயம் பேச வேண்டும். (உண்மையில் கட்டாயம் இல்லை, ஆனால் இன்னொருத்தரோடு சேர்ந்து பேசப் பார்க்க வேண்டும், அல்லது கேள்வி கேட்டாவது பங்கெடுக்க வேண்டும் என்று அடைப்புக்குறிக்குள் ஒரு சலுகையும் உண்டு.)

இந்தக் கடைசி விதியைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வழக்கமான மாநாட்டில் 10 பேர் தயாரிப்பார்கள், 200 பேர் உட்கார்ந்து கேட்பார்கள். இங்கே 200 பேரும் ஏதோ ஒரு விதத்தில் பங்கெடுக்கத்தான் வர வேண்டும். மொத்த வேலை குறையவில்லை, பத்து தலையில் இருந்த பாரம் இருநூறு தலைக்குப் பிரிந்துவிட்டது.

அனுமதி கேட்கத் தேவையில்லாததால் கிடுகிடுவென்று பரவியது. 2006 மார்ச்சில் டெல்லி, ஏப்ரலில் சென்னை. 2010 ஜனவரியில், ராணுவ ஆட்சிக் காலத்திலேயே, மியான்மரின் யாங்கூனில் நடந்ததற்கு 2,700 பேருக்கு மேல் வந்தார்கள். இங்கே 2007 ஆகஸ்ட் 5 அன்று சென்னைப் பல்கலைக்கழக மெரினா வளாகத்தில் தமிழ் வலைப்பதிவர் பட்டறை நடந்தது. நான் அப்போ பள்ளிக்கூடத்துல பெருக்கல் வாய்ப்பாட்டோட மல்லுக்கட்டிக்கிட்டிருந்த பையன். படிக்கிற மூத்த பதிவர்களில் அங்கே நாற்காலி தூக்கிப் போட்டவர்கள் இருந்தால் ஒரு கும்பிடு போட்டுக்கிறேன்.

ஆனா இருநூறு பேருக்கும் பிரிக்க முடியாத வேலைன்னு கொஞ்சம் இருக்கு. கல்லூரி ஹாலுக்கு அனுமதிக் கடிதம் வாங்கணும். காலையில் சாவி வெச்சிருக்குற ஆளைத் தேடிப் பிடிக்கணும். ப்ரொஜக்டருக்குச் சரியான கேபிள், போதுமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், வை-ஃபை படுத்துட்டா மாற்று வழி, மதியச் சாப்பாட்டுக்குத் தலை எண்ணிக்கை. எந்த விதி எழுதினாலும் இதெல்லாம் நாலஞ்சு பேர் தலையில்தான் விழுது. 'தானாவே நடந்தது'ன்னு எல்லாரும் பெருமையாச் சொல்லும்போது அந்த நாலு பேரோட உழைப்பு யார் கண்ணுக்கும் தெரியாமப் போயிடுது. அடுத்த வருஷம் அவங்க வரமாட்டாங்க. அதுக்கடுத்த வருஷம் மாநாடும் இருக்காது. நல்லா ஆரம்பிச்சு ரெண்டாம் வருஷமே நின்னுபோன கூட்டங்களை நானே பார்த்திருக்கேன். பணம் இல்லாம நின்னதைவிட ஆள் களைச்சு நின்னதுதான் அதிகம்.

இதையெல்லாம் அடுத்த கூட்டத்துல போட்டு உடைச்சேன். ரெண்டு கட்சிக்கும் முழுத் திருப்தி இல்லை, ஆனா ஒரு உடன்பாடு வந்திருக்கு. காலையில் முன்கூட்டியே முடிவு செய்த நாலு பேச்சு. புதுசா வர்ற மாணவர்களுக்குப் பிடிமானம் வேணுமே. மதியம் காலிப் பலகை. பதிவு செய்கிறவர்கள் எல்லோரிடமும் ரெண்டே கேள்வி: எதைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுவீங்க? அன்னைக்கு எந்த வேலையை எடுத்துக்குவீங்க? சாவி, கேபிள், சாப்பாடு ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பேர் பெயர். செய்தவர்கள் எழுதிவைக்கிற குறிப்பு பொதுவில் இருக்கும், அடுத்த முறை வேறு ரெண்டு பேர் எடுத்துக்கிற மாதிரி.

ரெண்டாவது கேள்விக்கு இதுவரைக்கும் வந்த பதில்கள் கம்மிதான். பேசுறதுக்குப் பதினொரு பேர் ரெடி, சாப்பாட்டு எண்ணிக்கைக்கு இன்னும் ஒருத்தர் வேணும். படிக்கிறவங்கள்ல யாராவது கை தூக்கினா நல்லா இருக்கும்.

பி.கு: 2007 ஆகஸ்ட் 23 அன்று ட்விட்டரில் குழுக்களைக் குறிக்க # குறியைப் பயன்படுத்தலாமா என்று இதே கிறிஸ் மெசினா கேட்டார். அதற்கு அவர் கொடுத்த உதாரணம் என்ன தெரியுமா? பார்கேம்ப்தான்!