சந்தா கட்டிய கடவுள்: புனைவின் நம்பகத்தன்மை குறித்து

புனைகதையை நாம் ஏன் நம்புகிறோம் என்ற கேள்விக்கு கோல்ரிட்ஜ் 1817இல் சொன்ன விடையே இன்றும் செல்வாக்குடன் இருக்கிறது: வாசகர் தம் அவநம்பிக்கையை மனமுவந்து ஒதுக்கிவைக்கிறார். இந்த விடை பொறுப்பு முழுவதையும் வாசகர் தலையில் சுமத்திவிடுகிறது. புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை வைத்துப் பார்த்தால், நம்பவைக்கும் வேலையைக் கதையே செய்து முடிக்கிறது என்பது என் துணிபு.

கதை கடவுளோடு தொடங்கவில்லை; சில்லறைக் கணக்கோடு தொடங்குகிறது. பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்தியில் நிற்கிறார் கந்தசாமிப் பிள்ளை. டிராமில் போனால் மிஞ்சும் காசுக்கு வெற்றிலை பாக்கு. பஸ்ஸில் கண்டக்டரை ஏமாற்றிக் கொஞ்ச தூரம் போய் டிக்கெட் வாங்கினால் அரை கப் காப்பி உண்டு, வெற்றிலை இல்லை. இந்தத் தடுமாற்றத்துக்கு நடுவில்தான் கடவுள் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார்.

இத்தகைய நுண்விவரங்களை ரோலான் பார்த் 1968இல் 'மெய்ம்மை விளைவு' என்றார்: கதைக்குப் பயன்படாத பொருளே 'இது நிஜம்' என்று அறிவிக்கிறதாம். இங்கே அது பொருந்தாது. பிள்ளையின் கணக்கு அலங்காரமன்று. அது ஓர் அளவுகோல். அதே கோலால் கடவுளும் அளக்கப்படுகிறார். பிள்ளை நடத்தும் 'சித்த வைத்திய தீபிகை'க்கு இருபத்தைந்து ரூபாய் ஜீவிய சந்தா கேட்கப்படும்போது, யாருடைய ஜீவியம் என்ற ஐயம் எழுகிறது. அழிவற்றவரிடம் ஆயுள் சந்தா வாங்கும் இடத்திலும் பிள்ளை பத்திரிகைக்காரராகவே நிற்கிறார். கடவுளுக்கோ நஞ்சுண்ட அடையாளம் கழுத்தில் நெல்லிக்காய் அளவு கறுப்பு மறுவாகச் சுருங்கிவிடுகிறது. பிள்ளை நோட்டம் விடக்கூடிய அளவு அது. இறுதியில் கயிலைநாதர் பேரேட்டில் ஒரு வரவாகிறார்.

தொல்காப்பிய அகத்திணையியல் நாடக வழக்கையும் உலகியல் வழக்கையும் சேர்த்தே புலனெறி வழக்கத்தை வகுக்கிறது. இரண்டையும் சமபங்காகக் கலந்தால் போதும் என்று அதற்குப் பொருள் கொள்வது மேலோட்டமானது. புதுமைப்பித்தனிடம் உலகியல் ஆள்கிறது. நாடகம் அதற்குக் கட்டுப்படுகிறது.

கடவுள் திவான் பகதூர் முன் ஆடும் பகுதி சமூகக் கேலிக்காக நீட்டப்பட்டது என்று ஆட்சேபிக்கலாம். அங்கே பிள்ளையின் கணக்கு பின்னுக்குப் போவதும், கதையின் பிடி சற்றுத் தளர்வதும் உண்மைதான். ஆயினும் ஆடவல்லானின் ஆட்டமே அங்கே விலைபோகவில்லை. தெய்வத்துக்காக உலகம் ஒரு விதியையும் தளர்த்தவில்லை. அந்தத் தோல்விதான் அப்பகுதியை நம்பும்படியாக்குகிறது.