பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களை முறைப்படுத்தும் திட்டம்

பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களை முறைப்படுத்தும் திட்டம் என்பது உள்ளூர் உணவுத் தொழில்களுக்கு மானியம் வழங்குவதற்காக 2020 சூன் 29 அன்று இந்திய நடுவண் அரசால் தொடங்கப்பட்ட திட்டம் ஆகும். இதற்கு 10,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

பின்னணி

அப்பளம், ஊறுகாய் முதலியவற்றைத் தயாரிக்கும் குடும்பத் தொழில்கள் பெரும்பாலும் பதிவு பெறாதவை. ஆகவே அவற்றுக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிதாக இருந்தது.

மானியம்

தகுதியுள்ள திட்டச் செலவில் 35 விழுக்காடு, அதிக அளவாக 10 இலட்சம் ரூபாய், மானியமாக வழங்கப்படும். பயனாளி குறைந்தது 10 விழுக்காட்டைத் தாமே இடவேண்டும். எஞ்சியது வங்கிக் கடனாகும். மானியம் கடனுடன் இணைக்கப்பட்டுள்ளதால், வங்கி கடன் மறுத்தால் மானியமும் கிடைக்காது. சுய உதவிக் குழு உறுப்பினர்களுக்குத் தொடக்க மூலதனமாகத் தலா 40,000 ரூபாய் வரை வழங்கவும் இத்திட்டம் வகைசெய்தது.