ஆர்பத்நாட் முறிந்த பிறகு: வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர்

1906 அக்டோபர் 22 அன்று சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலானது. பாரி, பின்னி ஆகியவற்றோடு சேர்த்துப் பேசப்பட்ட பெரிய வெள்ளைக்கார வணிக நிறுவனம் அது. பென்ஷன் பணம், விதவைகளின் சேமிப்பு, மிராசுதார்களின் கையிருப்பு எல்லாம் அங்கேதான் கிடந்தன. அதனோடு கணக்கு வழக்கு வைத்திருந்த லண்டன் நிறுவனத்தின் தலைவர் மக்ஃபேடியன் சில நாள் முன்புதான் தற்கொலை செய்துகொண்டிருந்தார். சென்னையில் ஜார்ஜ் ஆர்பத்நாட் மீது மோசடி வழக்கு நடந்து, 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது.

தண்டனையால் போன பணம் திரும்பாது. பணம் போட்டு ஏமாந்தவர்களுக்காக வாதாடிய மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயருக்கு இது தெரியும். கட்சிக்காரர்களுக்குக் கிடைத்ததை வாங்கிக் கொடுத்துவிட்டு அடுத்த வழக்குக் கட்டை எடுத்திருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ, நம்மவர் பணத்தை நம்மவரே பாதுகாக்க ஒரு வங்கி வேண்டும் என்று கிளம்பினார். ஊரே வங்கி என்றால் அஞ்சிக்கொண்டிருந்த நேரம் அது. வக்கீல்களும் நாட்டுக்கோட்டை நகரத்தார் சிலரும் துணை நிற்க, 1907 மார்ச்சில் இந்தியன் வங்கி பதிவானது. ஆகஸ்ட் 15 அன்று வேலையைத் தொடங்கியது. வழக்கில் பார்த்த ஓட்டையை வெளியே வந்து அடைத்த இந்தக் காரியம் ஒன்றே அவரை நினைக்கப் போதும்.

திருவிடைமருதூரில் 1863இல் பிறந்தவர். 1880களின் நடுவில் சென்னையில் தொழிலைத் தொடங்கி, படிப்படியாக முன்னணிக்கு வந்தார். சம்பாதித்ததைத் தாராளமாக வெளியே விட்டார். மயிலாப்பூரில் வேங்கடரமணா ஆயுர்வேத மருத்துவசாலையும், 1906இல் சமஸ்கிருதக் கல்லூரியும் அவர் முயற்சியால் எழுந்தவை.

அவருடைய குணத்தை வங்கியைவிடத் துல்லியமாகக் காட்டுவது அதே 1907இல் நடந்த இன்னொரு காரியம்.

காங்கிரசில் அவர் மிதவாதி. கோகலேயின் வழியே சரி என்று நம்பியவர், அதைத் தயங்காமல் சொன்னவர். இருபத்து நான்கு வயதுச் சுப்பிரமணிய பாரதியோ திலகர் பக்கம். 'இந்தியா' பத்திரிகையில் மிதவாதிகளை வாரந்தோறும் காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பாரதியைப் பதிப்பாளர் ஜி. ஏ. நடேசன் மயிலாப்பூரில் ஐயரிடம் அழைத்துக்கொண்டு போனார். பாரதி தேசியப் பாட்டுகளைப் பாடினார். கேட்ட ஐயர் உருகிப்போய், மூன்று பாட்டுகளைத் தம் செலவிலேயே அச்சிட்டு, 15,000 பிரதிகளை இலவசமாக வழங்கச் செய்தார். பாரதி பாட்டு சிறு பிரசுரமாக மக்கள் கைக்குப் போனது இப்படித்தான்.

இதனால் அரசியல் பிளவு ஒன்றும் ஆறிவிடவில்லை. அந்த டிசம்பரில் சூரத் காங்கிரஸ் இரண்டாக உடைந்தபோது இருவரும் எதிரெதிர் அணியில்தான் நின்றார்கள். 1908இல் மிதவாதிகள் மட்டும் கூடிய சென்னை மாநாட்டுக்கு முன்னின்று உழைத்தவர்களில் ஐயரும் ஒருவர். பாரதி அந்த ஆண்டே கைதுக்குத் தப்பிப் புதுச்சேரிக்குப் போய்விட்டார். பாரதி வரலாற்றில் ஐயருக்கு ஒரு பத்தி ஒதுக்கி, பாட்டை அச்சிட்ட பணக்காரர் என்று முடித்துவிடுகிறார்கள். அது பெரிய அநியாயம். தன் கொள்கையைத் தாக்குகிறவனின் சொல்லில் நாட்டுக்கு நன்மை இருக்கிறது என்று கண்டு, அதற்குக் கைப்பணம் போட்ட மனிதர் அவர்.

அவருடைய வட்டத்துக்கு எல்லையும் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். மயிலாப்பூர் கோஷ்டி என்று அறியப்பட்ட வக்கீல்கள் பெரும்பாலும் பிராமணர்கள். நீதிமன்றம், பல்கலைக்கழகம், காங்கிரஸ் மூன்றிலும் அவர்கள் கை ஓங்கியிருந்தது. 1916இல் வந்த பிராமணரல்லாதார் அறிக்கை கேட்டது இந்த ஆதிக்கத்தைப் பற்றித்தான். கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்ல அன்று ஐயர் உயிரோடு இல்லை.

1909இல் உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1911இல் அந்தப் பதவியை விட்டுக் கவர்னரின் நிர்வாக சபையில் உறுப்பினரானார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே காலமானார். வயது 48. அவர் தொடங்கிவைத்த வங்கி 1969இல் நாட்டுடைமையாக்கப்பட்ட 14 வங்கிகளில் ஒன்றாகி, இன்றும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நடக்கிறது.