வேலியோரத்து வெருகு

குறுந்தொகையின் 139-ஆம் பாடல் ஒக்கூர் மாசாத்தியாருடையது. பரத்தையிடமிருந்து திரும்பி வரும் தலைவனைத் தோழி மறிக்கிறாள். எங்கள் தெருவுக்கு வராதே என்கிறாள். உரைகள் பெரும்பாலும் அந்த ஊடலைத்தான் பேசும். எனக்கு அதில் பிடித்தது உவமை. மாலை நேரம். வேலிப்பக்கம் வெருகுகள் வந்துவிட்டன. வீட்டில் வளரும் குட்டைக்கால் பெட்டைக்கோழி எங்கே ஒதுங்குவது என்று தெரியாமல், குஞ்சுகளைக் கூட்டிச் சேர்க்கக் கத்துகிறது. ஊரார் பேச்சு அந்தக் கத்தலைப் போல இருக்கிறதாம்.

உவமையை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அது ஒரு கொல்லைப்புறத்தின் ஆவணம். கோழி வீட்டோடு இருந்தது, குஞ்சு பொரித்தது, சுற்றி வேலி இருந்தது, பூனை வேலியோரம் வந்தது, ஆபத்தான நேரம் அந்தி. கோழி வளர்க்கும் எந்த மலேசியக் குடும்பத்திடம் கேட்டாலும் இன்றைக்கும் அந்தி நேரத்தைத்தான் சொல்வார்கள்.

சங்கப் பாடல்களில் இந்தக் காட்சி ஒருமுறை வந்துவிட்டுப் போகவில்லை. புறநானூறு 326-இல் அதே பயம் இரவுக்கு நகர்கிறது. இருட்டில் வெருகுக்கு அஞ்சி இளம்பெட்டை ஒன்று உயிர் நடுங்கி அலறுகிறது. பருத்தி நூற்கும் பெண் குப்பையைப் புடைக்க எழுந்திருக்கிறாள். அவளுடைய சிறிய விளக்கின் வெளிச்சத்தில் சேவலைப் பார்த்ததும் பெட்டை அடங்குகிறது. குறுந்தொகை 107-இல், தன்னை விடியலில் எழுப்பிவிட்ட சேவலை ஒரு பெண் சபிக்கிறாள்: நள்ளிரவில் வீட்டு எலியைத் தேடும் வெருகின் குட்டிக்கு நீ வைத்துவைத்துத் தின்னும் இரையாகிப்போ என்கிறாள்.

வீட்டு எலியைத் தேடும் வெருகு என்ற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வெருகு என்றால் காட்டுப்பூனை என்பார்கள் உரைகாரர்கள். ஆனால் இந்தக் காட்டுப்பூனை வீட்டுக்குள் வந்து எலி பிடிக்கிறது. அதாவது மனிதனுக்கு அதனால் லாபம் இருக்கிறது. அதே விலங்கு கோழியையும் பிடிக்கிறது. அதாவது நட்டமும் இருக்கிறது. அதனால் அது முழுசாக வெளியேயும் இல்லை, முழுசாக உள்ளேயும் இல்லை. வேலியிலேயே நிற்கிறது.

இதெல்லாம் தானியத்தில் ஆரம்பித்த கதை. 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வீட்டுக்கோழியின் மிகப் பழைய உறுதியான எலும்புகள் மத்தியத் தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்தவை என்கிறது. காலம் கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்டது. அந்த ஆய்வாளர்களின் விளக்கம் எளிமையானது. மக்கள் மூங்கில் காட்டை அழித்து நெல்லும் தினையும் விதைத்தார்கள். சிந்திய தானியத்தைப் பொறுக்கச் செங்காட்டுக்கோழி மரத்திலிருந்து இறங்கி வந்தது. வந்தது அப்படியே தங்கிவிட்டது. பூனையின் கதையும் கிட்டத்தட்ட இதேதான், இடம்தான் வேறு. மேற்கு ஆசியாவில் களஞ்சியத்துக்கு எலி வந்தது, எலிக்காக ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9500 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மனிதரின் புதைகுழிக்குப் பக்கத்தில் ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருக்கிறது.

ஆக, கோழியையும் பூனையையும் முதலில் யாரும் கூப்பிடவில்லை. இரண்டுமே தானியத்தின் பின்னால் தானாக வந்தவை. அப்படி வந்த இரண்டும் ஒரே முற்றத்தில் சந்தித்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சீனாவிலிருந்து ஒரு பதில் கிடைத்திருக்கிறது.

சீனாவின் பழைய குடியிருப்புகளில் கிடைத்த பூனை எலும்புகளின் மரபணுவைப் படித்து, பீக்கிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட குழு 2025-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 5400 ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி ஏறக்குறைய கி.பி. 150 வரை அங்கே மனிதர்களுக்குப் பக்கத்தில் வாழ்ந்தது இன்றைய வீட்டுப்பூனை கிடையாது, சிறுத்தைப்பூனை. மலாயில் கூச்சிங் பத்து என்று சொல்கிறோமே, அதன் உறவினம். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கூடவே இருந்தும் அது வீட்டு விலங்காக மாறவில்லை. ஹான் அரசு சரிந்த காலத்துக்குப் பிறகு ஊரைவிட்டே போய்விட்டது. சில நூற்றாண்டுகள் அந்த இடம் காலியாக இருந்தது. பிறகு தாங் அரச காலத்தில் பட்டுப் பாதை வழியாக வந்த வீட்டுப்பூனை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

சிறுத்தைப்பூனை ஏன் நிலைக்கவில்லை? காலநிலை, மக்கள்தொகைச் சரிவு என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன. அதில் ஒன்று கோழி. சீன நாட்டுப்புற வழக்கில் இந்த விலங்குக்குக் கோழி பிடிக்கும் புலி என்ற அர்த்தத்தில் ஒரு பெயரே உண்டு. எலி மட்டும் பிரச்சினையாக இருந்தவரை அதை வைத்துக்கொள்ளலாம். கோழி வளர்ப்பு பெருகியதும் கணக்கு மாறியிருக்கலாம்.

இதில் உடல் அளவைப் பார்த்தால் ஒரு வேடிக்கை. நம் நாட்டுச் சிறுத்தைப்பூனை பெரும்பாலும் வீட்டுப்பூனையைவிட எடை குறைந்தது. இருந்தும் அது பெரிய கோழியையே தூக்கப் பார்க்கும். வீட்டுப்பூனையோ வளர்ந்த பெட்டையோடு மோத விரும்பாது. கொத்து வாங்கிய பூனை அடுத்த முறை சுற்றிக்கொண்டுதான் போகும். ஆனால் குஞ்சு விஷயம் வேறு. ஒரு நாள் வயதுக் குஞ்சு நாற்பது கிராம் அளவில்தான் இருக்கும். பூனைக்கு அது சத்தம் போடும் எலி. அதனால் பூனையும் கோழியும் ஒன்றாக வாழுமா என்ற கேள்வி முக்கியமாக முதல் இரண்டு மாதங்களைப் பற்றிய கேள்விதான்.

அம்மா பிறந்து வளர்ந்தது கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில். அங்கே கோழி இல்லாத வீடு குறைவு, பூனை இல்லாத அடுப்படி அதைவிடக் குறைவு என்பார். எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டேன். “மொதல்ல பூனைக்குச் சோறு போட்ரணும். அப்புறம்தான் குஞ்ச வெளிய வுடணும். பொழுது சாயறதுக்குள்ள பஞ்சாரத்துல போட்டு மூடிடணும். அவ்ளோதான்,” என்றார். பூனையைப் பற்றி அவருக்குப் பெரிய பயம் இருந்ததாகத் தெரியவில்லை. “நம்ம பூனை நம்ம கோழியத் தொடாது. மூசாங்தான் தொடும். இல்லன்னா பாம்பு.” பசி தீர்ப்பது, நேரம் பிரிப்பது, அந்தியில் மூடுவது. ஒக்கூர் மாசாத்தியாரின் பெட்டைக்குக் கிடைக்காத மூன்றும் அம்மாவின் கொல்லையில் இருந்தன.

மலாய்க் கம்பங்களில் இதற்கு இன்னொரு தீர்வு: தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய கோழிக்கூடு. இரவில் ஏணிப்பலகையை எடுத்துவிட்டால் போதும். பின்னால் கம்பிவலை வந்தது. பொறியியல் படித்தவன் என்பதால் இதைச் சொல்லாமல் போக முடியவில்லை. அறுகோணக் கண் உள்ள கோழிக்கம்பியை 1844-இல் இங்கிலாந்தின் நோரிச் நகரில் சார்ல்ஸ் பார்னார்ட் என்ற இரும்பு வியாபாரி உருவாக்கினார். அந்த இயந்திரத்துக்கு மாதிரி துணி நெய்யும் தறி. துணியைப் போலவே அந்த வலை வளையும், இழுத்தால் விரியும். அது கோழியை உள்ளே வைக்கும் வலை. வேட்டை விலங்கை வெளியே நிறுத்தும் வலை கிடையாது. பூனையின் கால் கண் வழியே நுழையும், மூசாங் பிய்த்துவிடும், சின்ன மலைப்பாம்பு உள்ளேயே வந்துவிடும். குஞ்சுக்கூட்டுக்கு அரை அங்குலக் கண் உள்ள பற்றவைத்த கம்பிவலைதான் சரி. அதையும் தரைக்குள் ஒரு சாண் இறக்க வேண்டும். இரண்டாயிரம் ஆண்டு வேலிக் கதையில் இது ஒரு சிறிய திருத்தம்.

இதுவரை சொன்னதில் ஆபத்து எப்போதும் பூனையிடமிருந்து கோழிக்கு. 2004-இல் அது திசை மாறியது.

அந்த ஆண்டு தாய்லாந்தில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் பரவியபோது, நக்கோன் பாத்தோம் பகுதியில் ஒரே வீட்டில் இருந்த 15 பூனைகளில் 14 செத்தன. அவற்றில் ஒன்று செத்த கோழியைத் தின்றிருந்தது. அக்டோபரில் ஒரு புலிக் காட்சிசாலையில் இருந்த 441 புலிகளில் 147 நோயால் இறந்தன அல்லது கொல்லப்பட்டன. அவற்றுக்குப் போட்டது பச்சைக் கோழி. அதே ஆண்டு ஆகஸ்டில் கிளந்தானின் தும்பாட் வட்டாரத்துக்கும் நோய் வந்தது. சுற்றுவட்டாரத்துக் கம்பத்துக் கோழிகள் அழிக்கப்பட்டன. 2017-இல் கிளந்தானில் மறுபடியும் வந்தது. இன்றைக்கு ஒரே கொல்லையில் இரண்டையும் வைத்திருப்பவர் பூனையிடமிருந்து கோழியைக் காப்பது பாதி வேலைதான். செத்த கோழியைப் பூனைக்குப் போடக்கூடாது, பச்சை இறைச்சி கூடாது, கோழிகள் திடீரென்று ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தால் கால்நடைத் துறைக்குச் சொல்ல வேண்டும், அதுவரை பூனையை வீட்டுக்குள் அடைக்க வேண்டும். இன்னொரு பக்கம், பூனையின் மலத்தில் டோக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். மண்ணைக் கிளறித் தின்னும் கோழிக்கு அது போகும். வேகாத கோழி இறைச்சி வழியாக நமக்கும் வரலாம். பூனை மண்ணில் போனால் உடனே அள்ளிவிடுவது பாட்டிமார் பழக்கம். அதற்கு இப்போது காரணமும் தெரிந்துவிட்டது.

நோய் பயம் உண்மையானது. அதைச் சின்னதாக்கிப் பேசக்கூடாது. ஆனால் அந்தப் பயம் வந்த பிறகு நம் நகரங்கள் எடுத்த முடிவுகளையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் 2003-இல் சார்ஸ் காலத்தில் தெருப்பூனைகள் பிடித்துக் கொல்லப்பட்டன. 2017-இல் சின் மிங் பகுதியில் சுதந்திரமாகத் திரிந்த 24 கோழிகள் கொல்லப்பட்டன. ஆரம்பத்தில் பேசப்பட்டது சத்தம் பற்றிய புகார்கள், பின்னர் பறவைக் காய்ச்சலும் காரணமாகச் சொல்லப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தடையிலிருந்த பூனைகளுக்கு 2024 செப்டம்பரில்தான் வீவக வீடுகளில் அனுமதி கிடைத்தது, வீட்டுக்கு இரண்டு. இங்கே மலேசியாவில் சட்டம் அவ்வளவு வேலை செய்யத் தேவைப்படவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போனபோது கோழிக்குக் கொல்லை இல்லாமல் போனது. பூனை படிக்கட்டில் தங்கிக்கொண்டது. சண்டை தீர்ந்தது, சண்டை போட இடம் இல்லாததால் தீர்ந்தது.

எனக்கு இதில் உறுத்துவது ஒன்றுதான். இரண்டு விலங்குகளை ஒரே முற்றத்தில் வைத்துக்கொள்வது ஒரு திறமை. அந்தியில் எண்ணிப் பார்ப்பது, முதலில் பூனைக்குப் போடுவது, சத்தம் கேட்டால் விளக்கை எடுத்துக்கொண்டு போவது. அந்தத் திறமையைப் பாடலில் வரும் பருத்திப் பெண்ணிடமிருந்து அம்மா வரைக்கும் யாரோ யாருக்கோ கற்றுக்கொடுத்தபடியே வந்திருக்கிறார்கள். நான் பதினோராவது மாடியில் இருக்கிறேன். எனக்கு அதைக் கற்றுக்கொடுக்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை. தாமான் வீட்டில் நாலு கோழி வளர்க்க ஆசைப்படும் நண்பர்கள் முதலில் கேட்பது, “பூனையை எங்க கொண்டுபோய் விடுறது?” ஒன்றை வைத்துக்கொள்ள இன்னொன்றை அகற்ற வேண்டும் என்ற எண்ணம் அவ்வளவு இயல்பாக வந்துவிட்டது.

ரப்பர் வெட்டிய இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. உதிர்ந்த பழத்துக்கு எலி வருகிறது. எலிக்குச் சிறுத்தைப்பூனை வருகிறது. சபாவில் நடந்த ஆய்வில் அதன் முக்கிய உணவு எலிகள்தான் என்று தெரிந்திருக்கிறது. அதே தோட்டங்களின் ஓரத்தில் விடியலில் செங்காட்டுக்கோழி கூவுவதைக் கேட்கலாம். ஒன்று கோழியின் மூதாதை. மற்றொன்று வீட்டுப்பூனையாக ஆகாமல் போன பூனை. லயங்கள் இருந்த இடத்தில் மனிதர்கள் இல்லை. அவை இரண்டும் வேலியே இல்லாமல் அங்கே ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கின்றன.